இடது ஹெட்லைட்

கருவிப்பெட்டியை அவள் அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். ஸ்பேனர்களும் ஃபியூஸ்களும் காய்ந்துபோன டேப் சுருள்களும் கேட் வாசல் சிமெண்டில் சிதறி உருண்டன. தேடிய சாவி அதில் இல்லை.

"இதுலயும் இல்ல," என்றாள் எதிர்வீட்டு லாரி டிரைவரிடம். "எங்க கொண்டுபோய் வெச்சாரோ, மகராசன்."

அவள் புருஷன், அந்த மகராசன், காலையில்தான் இறந்திருந்தார். வேனில் அவரைக் கொண்டுவருவதற்காக அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டார். வீட்டை ஒழுங்குபடுத்த இவள் முன்னால் வந்தாள். வந்து பார்த்தால் கேட்டை அடைத்துக்கொண்டு கார் நிற்கிறது. பக்கவாட்டில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, விளக்கின் பின்பக்கம் கை எட்டுவதற்காக இடது சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். புது ஹெட்லைட் தன் இடத்தில் பொருந்தாமல் ஒயரில் தொங்கியது.

ஒரு மாதமாக இதே கூத்து. இடது விளக்கு மங்கலாக எரிகிறது என்று மகள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்து தந்திருப்பார்கள். அடுத்தவன் கை பட்டால் வண்டி உருப்படாது என்று இவர் சாதித்தார். மஞ்சள் பாய்ந்த கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்தார். வீட்டில் யாருக்கும் பல் தேய்க்கப் பசை மிஞ்சவில்லை, வெளிச்சமும் கூடவில்லை. பல்பை மாற்றினார், அது இரண்டே நாளில் புகைந்தது. அப்புறம்தான் உள்ளே தண்ணீர் கோத்திருப்பதைக் கண்டுபிடித்து, ஏதோ புதையல் அகப்பட்டதுபோல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் டார்ச் பிடித்தவள் இவள்தான். கை நடுங்குகிறது, நிழல் விழுகிறது என்று ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கியவளும் இவள்தான். இன்று விளக்கையே மாற்றிவிடுவதென்று இறங்கினார். உள்ளே மண் தரையில் ஜாக்கி புதையும் என்று கேட் வாசலில் நிறுத்தினார். டீயோடு அவள் வந்தபோது, கழற்றிய சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

சாதாரண நட்டாக இருந்தால் லாரி டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தை மாட்டியிருப்பார். சக்கரத்தை எவனாவது களவாடிவிடுவான் என்று இவர் லாக் நட்டுகளாகத் தேடி வாங்கிப் போட்டிருந்தார். அதைத் திருக, ஸ்பேனர் முனையில் செருகும் கட்டைவிரல் அளவுச் சாவி ஒன்று வேண்டும். நட்டுகள் ஒரு சாஸரில் ஒழுங்காக இருந்தன. சாவியைத்தான் காணோம்.

"இந்த ஓட்டை வண்டியை எந்தத் திருடன் சீந்துவான்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

லாரி டிரைவர் பெட்டிக்கு அடியில் இன்னொரு முறை தடவினார்.

நாத்தனார் அழுது வீங்கிய முகத்தோடு வந்து காரின் அந்தப் பக்கம் நின்றாள். அவளைக் கட்டிக்கொள்ளக்கூட இடைவெளி இல்லை.

"அண்ணி, அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?"

"ஜாக்கியைத் தொடாதன்னாரு."

நாத்தனார் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது அவர் சொன்னது அதுதான். அதற்குப் பிறகு அவருக்கு நினைவு திரும்பவே இல்லை.

வேன் வந்தது. இறங்கிய அண்ணன் காரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், கண்களை மூடித் திறந்தார். பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துக் கொண்டுபோகலாம் என்றார் ஒருவர். சுற்றுச்சுவருக்கு மேலே தூக்கி உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்றார் அண்ணன்.

"தூக்கிக் குடுக்க அவரென்ன சோபாவா, அத்தான்?"

அண்ணன், கையில் எதையாவது கொடுக்க வேண்டுமே என்பதுபோல், ஆஸ்பத்திரியில் தந்த துணிப்பையை அவளிடம் நீட்டினார். பையின் அடியில் ஏதோ கனத்தது. அவள் அவருடைய பேண்ட்டை வெளியே இழுத்து, பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். கட்டைவிரல் அளவு இரும்பு.

அதை உள்ளங்கையில் வைத்து நீட்டிக் காட்டினாள்.

"பாத்தீங்களா, ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயிருக்காரு," என்றாள் பொதுவாக.

வேன் டிரைவர் தனக்கு இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும் என்றார். வெயிலில், தெருவில் தம்பியைக் கிடத்திவிட்டுக் கார் வேலை பார்ப்பது நன்றாயில்லை, எப்படியாவது முதலில் உள்ளே கொண்டுபோய்விடலாம் என்று அண்ணன் கெஞ்சினார். அவள் சாவியை லாரி டிரைவரிடம் நீட்டினாள்.

"மாட்டுங்க. ஒரு பல்புக்காக என்னை ஒரு மாசம் கால்கடுக்க நிக்க வெச்ச மனுஷன். இப்ப அவர் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

வேன் டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

லாரி டிரைவர் சக்கரத்தைத் தூக்கிப் பொருத்தும்போது தொங்கிய விளக்கு குறுக்கே வந்து இடித்தது. ஒயரைப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டார். பிடுங்கினால் எது எங்கே போகும் என்று இனி யாருக்குத் தெரியும் என்று சொல்லி, அவளே குனிந்து விளக்கை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நட்டுகள் ஒவ்வொன்றாக இறுகின. ஜாக்கி இறங்கியது. நாத்தனார் உள்ளே போய்க் கார் சாவியை எடுத்துவந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். ஆண்கள் முன்னாலிருந்து தள்ள, கார் பின்பக்கமாகத் தெருவுக்கு இறங்கியது.

ஒயர் குட்டை. விளக்கை மார்போடு அணைத்தபடி, காரின் வேகத்துக்கே அவளும் குனிந்து நடக்க வேண்டியிருந்தது.

வேனுக்குப் பக்கத்தில் வந்தபோது கார் நின்றது. நிறுத்தச் சொன்னது யார் என்று தெரியவில்லை. வேனின் பின்கதவு திறந்திருந்தது. விளக்கின் புதுக் கண்ணாடியில் அவளுடைய விரல்தடங்கள் பதிந்திருந்தன. முந்தானையால் அதை மெதுவாகத் துடைத்தாள், ஓரங்களையும் விடாமல்.

"ம், தள்ளுங்க," என்றாள்.