கேட்ட விலைக்கே கிடைத்த வண்டி

காஞ்சிபுரத்தில் பேரம் பேசாமல் வாங்குகிறவனை வெளியூர்க்காரன் என்பார்கள். பேரம் பேசாமல் விற்கிறவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அப்படி ஒருவனை யாரும் பார்த்ததில்லை. ஆனந்தராஜ் பார்த்தான், ஓரிக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில்.

ஆனந்தராஜுக்குக் காந்தி ரோட்டில் பட்டுக்கடை. அப்பா காலத்து நிலத்தை விற்றுக் கடை வந்தது. கடை ஓடி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட். அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு புடவைப் பெட்டியைத் தள்ளலாம்; இரண்டாவது பெட்டி போகாது. இந்த ஊரிலோ வேகத்தடை ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருக் கவுன்சிலரின் செல்வாக்கு அளவுக்கு உயரம். தடை வரும்போதெல்லாம் மனைவி தேவிப்ரியா இறங்கி நடப்பாள், வண்டி அடி உரசியபடி தாண்டும், அவள் மறுபடி ஏறிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அது இரண்டு பேருக்கும் விளையாட்டாக இருந்தது.

வளைகாப்பு முடிந்து தேவிப்ரியா தாய் வீட்டுக்குப் போனதோடு விளையாட்டு முடிந்தது. அந்த வீடு தென்னேரி தாண்டி இருந்தது. அவளுக்குப் பிரஷர் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வலி எடுத்தா வீட்டுல உக்காந்துக்கினு இருக்காதீங்க. உடனே இங்க வந்துடணும். லேட் ஆனா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்ல."

மாமியார் செல்லியம்மாள் சிவப்பு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மாப்பிள்ளை, இதுல நான் எங்க உக்காருவேன்? டிக்கியிலயா?"

"டிக்கி முன்னாடி இருக்குது அத்தை."

"அப்ப இன்ஜினு?"

"பின்னாடி."

"எல்லாமே தலைகீழா இருக்கிற வண்டியில என் பொண்ணு பிரசவத்துக்குப் போவ மாட்டா. மனுசங்க ஏர்ற மாதிரி ஒண்ணு வாங்குங்க."

வண்டி பார்க்க ஆனந்தராஜ் தன் சிநேகிதன் ஜாஃபரை அழைத்துக்கொண்டு போனான். ஜாஃபர் ஜவுளிக் கமிஷன் வியாபாரி. அவன் வீட்டில் பெண் பார்க்கப் போனால்கூட பெண் பிடித்துவிட்டது என்று முகத்தில் காட்டக் கூடாது என்று சொல்லித்தான் மாப்பிள்ளையை அழைத்துப் போவார்கள். முதலில் ஏனாத்தூரில் ஒரு வாத்தியாரின் காரைப் பார்த்தார்கள். நல்ல வண்டி, ஆனால் பின் கதவு குறுகல், வயிற்றுப் பிள்ளைக்காரி ஏறினால் இறங்க இன்னொரு வளைகாப்பு வேண்டும். வாலாஜாபாத்தில் பார்த்த வண்டியில் ஏசியைப் போட்டதும் உள்ளே செத்த எலி வாசனை அடித்தது. "போகப் போகப் பழகிடும்" என்றார் உரிமையாளர். மூன்றாவது, ஓரிக்கை.

துரைக்கண்ணு என்ற கான்ட்ராக்டரின் வண்டி அது. வெள்ளை நிறம், ஏழு சீட், உயரமான உடம்பு. கதவைத் திறந்தால் குனியாமல் ஏறலாம். நடு சீட்டில் ஒருத்தி படுத்துக்கொண்டே வரலாம், பின்னால் மாமியாரும் இரண்டு மூட்டைப் புடவையும் உட்காரலாம். எந்த வேகத்தடையும் இதன் வயிற்றைத் தொடாது. ஆனந்தராஜ் மனசுக்குள் தேவிப்ரியாவை ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியும் விட்டான். முகத்தில் மட்டும் காட்டவில்லை.

ஜாஃபர் வண்டியை ஒரு சுற்று வந்தான். வலது ஹெட்லைட் வயதாகி மஞ்சள் பூத்திருந்தது. இடது ஹெட்லைட் பளிச்சென்று நேற்றுப் பிறந்ததுபோல் இருந்தது. அவன் வாய் திறப்பதற்குள் துரைக்கண்ணு சொன்னார்.

"மாடு. மாடு குறுக்க வந்துடுச்சு."

"நான் ஒண்ணுமே கேக்கலையே" என்றான் ஜாஃபர்.

துரைக்கண்ணு கதவோரமாகவே நின்றார். வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை, தண்ணீர்கூட வரவில்லை. விற்கிறவன் என்றால் டயரைத் தட்டிக் காட்ட வேண்டும், மைலேஜில் நாலு பொய் சொல்ல வேண்டும், இந்த வண்டி வந்த பிறகுதான் வீட்டில் விளக்கு எரிந்தது என்று கண்ணைத் துடைக்க வேண்டும். இவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாஷ்போர்டில் சின்னப் பிள்ளையார் ஒட்டியிருந்தது. வண்டியை விற்கிறவர்கள் முதலில் சாமியைத்தான் எடுப்பார்கள்.

"பிள்ளையாரை எடுத்துக்கலயா?" என்றான் ஜாஃபர்.

"வாணாம். வண்டியோடவே போவட்டும்."

ஜாஃபர் ஆனந்தராஜின் முழங்கையைப் பிடித்து முருங்கை மரத்தடிக்கு இழுத்துப் போனான்.

"ராஜு, இது வாணாம்பா. சாமியே வாணாங்கிறவன்கிட்ட இன்னா வாங்குறது?"

"வண்டி நல்லாத்தானே இருக்குது?"

"அதான் பயமா இருக்குது."

"வாணாம்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"இதுகூட நான் சொல்லித் தரணுமா? அடிமாட்டு விலைக்குக் கேளு. அவரே கோவிச்சுக்கினு அனுப்பிடுவாரு."

கடைத்தெருவில் நாசூக்காகக் கழன்றுகொள்ளும் வழி அதுதான். வேண்டாம் என்று சொல்வது அவமரியாதை. பாதி விலைக்குக் கேட்பது வியாபாரம். ஆனந்தராஜ் திரும்பி வந்தான். பாதி விலை கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தான். வண்டியின் மேல் ஆசை இருந்ததால், தன்னையே நம்பாமல், அதற்கும் கீழே இறங்கி ஒரு விலை கேட்டான்.

துரைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து இரண்டு சாவியையும் எடுத்து அவன் கையில் வைத்தார்.

"எடுத்துக்கினு போங்க. இப்பவே."

ஜாஃபர் பாலாற்றுப் பக்கம் பார்த்தான்.

ஒரு விலையைக் கேட்டு, அந்த விலைக்கே கொடுத்த பிறகு வாங்காமல் போனவனுக்கு அந்த ஊரில் அப்புறம் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். நூல்காரனும் ஜரிகைக்காரனும் 'வாங்க' என்று சொல்லி மோர் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அது ஆனந்தராஜுக்குத் தெரியும், துரைக்கண்ணுவுக்கும் தெரியும். அதோடு, மறைப்பானேன், இவ்வளவு மலிவாக முடிந்த சந்தோஷமும் உள்ளே லேசாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே பணம் கைமாறியது. பெயர் மாற்றக் கையெழுத்துப் போட அடுத்த வாரம் வருகிறேன் என்றார் துரைக்கண்ணு. அடுத்த வாரம் அவர் போன் அணைந்திருந்தது. அதற்கடுத்த வாரமும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் மாமியார் கூப்பிட்டாள். "மாப்பிள்ளை, பனிக்குடம் ஒடைஞ்சிடுச்சு. ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருக்குதாம். சீக்கிரம் வாங்க."

வெள்ளை வண்டி முதல்முறையாக ஊரை விட்டு வெளியே ஓடியது. நன்றாகவே ஓடியது. தென்னேரி ஏரிக்கரையில் ஒரு டீக்கடை. அவன் தாண்டும்போது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் பின்னாலேயே நாலடி ஓடிவந்து, நின்று, போனை எடுத்தான். சிவப்பு வண்டிக்காரனுக்கு ஜனங்கள் எழுந்து நின்று பார்ப்பது பழகிப்போன விஷயம். அவன் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது கரைமேல் பாதையின் குறுக்கே ஒரு டிராக்டர் நின்றது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், இன்னொரு பக்கம் வயலுக்குச் சரிவு. டிராக்டருக்கு முன்னால் ஆட்கள். பின்கண்ணாடியில் பார்த்தான், பின்னாலும் ஆட்கள்.

நடு சீட்டில் தேவிப்ரியா அம்மாவின் மடியில் தலைவைத்து முனகிக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

டிராக்டர்காரர் வீராசாமி கண்ணாடியைத் தட்டினார். "எறங்கு."

"அண்ணே, உள்ள பிரசவ வலி. வழி விடுங்க."

"எறங்குடான்றேன்."

இறங்கினான். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"போன தையில இதே கரையில வேல்முருகன்னு ஒரு புள்ள. கம்பெனி ஷிப்ட் முடிச்சுட்டு பைக்குல வந்துக்கினு இருந்தான். அடிச்சு சாகப் போட்டுட்டு நிக்காம போச்சு ஒரு வெள்ளை வண்டி. கடைசி நம்பர் எம்பத்தேழு. ஒடைஞ்ச லைட்டுக் கண்ணாடி இங்கயே கெடந்துச்சு. போலீசுக்கு வண்டி கெடைக்கல. எங்களுக்குக் கெடைச்சுடுச்சு."

"அண்ணே, நான் இப்பதான் வாங்கினேன். சத்தியமா. ஓரிக்கையில துரைக்கண்ணுன்னு ஒருத்தர்கிட்ட."

"புக்குல உன் பேரு இருக்குதா?"

"இன்னும் மாத்தல."

"இன்னா வெலைக்கு வாங்குன?"

வாங்கின விலையை வியாபாரி வாய்விட்டு உண்மையாகச் சொல்வது கிடையாது, பெண்டாட்டியிடம்கூட. ஆனந்தராஜ் அன்றைக்குச் சொன்னான். உயிரைக் காப்பாற்றும் என்று நினைத்து, ஒரு ரூபாய் கூட்டாமல் சொன்னான். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு யாருக்கும் தொற்றவில்லை.

"பாதிக்கும் கீழ" என்றார் வீராசாமி. "ஏழு சீட்டு வண்டி. இந்த வெலைக்கு எவன் விப்பான்? தெரிஞ்சுதானே வாங்கியிருக்கிற? இல்லன்னா, நீயே அவன் ஆளா?"

கூட்டம் விலகியது. நூறு நாள் வேலையிலிருந்து வந்தவள்போல, தலையில் துண்டும் காலில் சேறுமாக ஒருத்தி வந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். "வேல்முருகனோட அம்மா, அங்கம்மாள்" என்று யாரோ சொன்னார்கள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள், மாட்டுக்கு நோய் பார்ப்பதுபோல. பிறகு பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

"எவ்ளோ நேரமா வலி?"

"காலையில இருந்து" என்று அழுதாள் செல்லியம்மாள். "அம்மா, உன் காலைப் புடிச்சிக்கிறேன், விடச் சொல்லும்மா."

அங்கம்மாள் ஆனந்தராஜ் பக்கம் திரும்பினாள். "இவ்ளோ கம்மிக்கு ஏன் குடுக்கிறன்னு அவனை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலைங்க."

"ஏன் கேக்கல?"

"கேட்டா வெலைய ஏத்திடுவாங்க."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"வீராசாமி, டிராக்டரை எடு."

"அக்கா, உட்டா ஓடிடுவான்க்கா."

"எங்க ஓடுவான்? நான் உள்ளதானே உக்காரப் போறேன்."

கதவைத் திறந்து சேற்றுக்காலோடு ஏறினாள். தேவிப்ரியாவின் கால்மாட்டில், சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் இடையே இருந்த தாராளமான இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். டிராக்டர் நகர்ந்தது. வெள்ளை வண்டி கிளம்பியது. முன்னால் இரண்டு பைக், பின்னால் நாலைந்து.

"வாயால மூச்சு உடும்மா. இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றாள் அங்கம்மாள். யார் எவர் என்று தெரியாத தேவிப்ரியா அந்தக் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். செல்லியம்மாள் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி எந்தத் தடையிலும் உரசாமல், பூப்போல் ஏறி இறங்கியது.

ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி வந்து தேவிப்ரியாவை வாங்கிக்கொண்டு போயிற்று. பிரஷர் தலைக்கு ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. செல்லியம்மாள் உள்ளே ஓடினாள். அங்கம்மாள் வண்டியை விட்டு இறங்கவில்லை. பைக்குகள் அதைச் சுற்றி நின்றன.

ஆனந்தராஜ் தாழ்வாரத்திலிருந்து ஜாஃபருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். "ஜாஃபர், உடனே ஓரிக்கைக்குப் போ. துரைக்கண்ணு கையில கால்ல விழுந்தாவது இழுத்துக்கினு வா."

ஜாஃபர் திரும்பக் கூப்பிட்டபோது அவன் குரலில் எப்போதும் இருக்கும் கேலி இல்லை. "வீடு பூட்டியிருக்குதுபா. வித்துட்டாராம். நமக்கு வண்டி குடுத்த அதே வாரத்துல. எங்க போனாருன்னு பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியல."

"அதையும் பாதி விலைக்கா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

உள்ளேயிருந்து சிசுவின் அழுகை கேட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. குளிப்பாட்டிக் காட்டுறோம், இருங்க."

அவனால் இருக்க முடியவில்லை. வாசலில் வீராசாமி நின்று, தலையசைத்துக் கூப்பிட்டார்.

அங்கம்மாள் இப்போது முன் சீட்டுக்கு மாறியிருந்தாள். "பொறந்துச்சா?"

"பொறந்துச்சுங்க. பொண்ணு."

"உன் சம்சாரம்?"

"நல்லா இருக்குது."

"சரி. என் வேலை முடிஞ்சுது. இப்ப உன் வேலை. ஓரிக்கைக்கு ஓட்டு. அந்த ஆளைக் காட்டு. காட்டலன்னா அந்த ஆளு நீதான்."

அவன் ஏறி உட்கார்ந்தான். சுற்றிலும் பைக்குகள் ஒவ்வொன்றாக உறுமின. வீடு காலி என்பதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்வதா, ஆள் நடமாட்டமுள்ள கடைத்தெருவில் சொல்வதா, ஊர் தாண்டிய பிறகா? எந்த இடத்தில் சொன்னால் நஷ்டம் குறையும் என்று, பழக்கதோஷத்தில், அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே அவன் கியரை மாற்றினான்.