பழத்தோடு வைக்கக் கூடாது

கணவன் கிட்டுசாமிக்கு வேலை போன ஒன்பதாம் நாள், கலாவதி சாப்பாட்டு மேசையில் ட்யூலிப் பூக்களின் கேட்லாக்கை விரித்து வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் அவர்கள் தெருவில் எல்லாரும் அடக்கமாக வெள்ளை நடுவார்கள், மிஞ்சிப் போனால் மஞ்சள். ஏழு வருஷமாக அவளும் அவர்களைப் பார்த்துத்தான் நட்டாள். இந்த வருஷம் வட்டம் விழுந்ததெல்லாம் ஆட்டக்காரிகள்மேல். இதழ் நெளிந்து, சிவப்பில் பச்சை தீற்றிய கிளி ட்யூலிப். ஓரத்தைக் குஞ்சம் குஞ்சமாகக் கத்தரித்துவிட்ட ஊதா. ரோஜாவே கூச்சப்படும்படி அடுக்கடுக்காக ஒரு ஆரஞ்சு. கல்யாணப் புடவையைக்கூட மாமியார் சொன்ன மங்கல் பச்சையில் எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவள் அவள்.

"இதுல எது கண்ணு நல்லா இருக்குது?" என்று ஒன்பது வயது மகள் வெண்பாவிடம் கேட்டாள்.

வெண்பா கிளி ட்யூலிப்பில் விரலை வைத்தாள். "த கிரேஸி ஒன்."

மாடியிலிருந்து இறங்கி வந்த கிட்டுசாமி மேசையைப் பார்த்ததும் நின்றான். "மார்ச்ல பூக்கறதுக்கு இப்ப எதுக்குக் கலா ஆர்டர் பண்ற? மார்ச்ல நாம எங்க இருக்கறமோ."

"இங்கதானுங்க இருப்போம். டெக்சாஸ் சூட்டுக்கு இது ஒருக்காத்தான் பூக்கும். ஒருக்கா பூக்கறது அடங்கி ஒடுங்கிப் பூத்து என்ன பண்றது?"

அவன் குனிந்து வட்டங்களைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "வேணுங்கறத வாங்கு. மூணு கம்பெனி லைன்ல இருக்குது. ஏதாச்சும் ஒண்ணு ஆயிரும்."

வேலை போன நாளிலிருந்து அறுபது நாள் கணக்கு அது. அதற்குள் வேறொரு கம்பெனி வேலை கொடுத்து அவன் விசாவை எடுத்துக்கொள்ளாவிட்டால் வீட்டையும் வெண்பாவின் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். வெண்பாவுக்குக் கோபிசெட்டிபாளையம் என்பது இரண்டு கோடை விடுமுறை, அவ்வளவுதான். கலாவதி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினால் வெண்பாவின் நடனம் பற்றி விஸ்தாரமாகப் பேசினாள்.

வெங்காயம் மாதிரி இருபத்து நாலு கிழங்குகள் அட்டைப்பெட்டியில் வந்தன. அந்த ஊர்க் குளிர் ட்யூலிப்புக்குப் போதாது. எட்டு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர்காலம் வந்து போய்விட்டது என்று கிழங்கை நம்ப வைத்து, டிசம்பர் கடைசியில்தான் நட வேண்டும். கூடவே ஒரு துண்டுச்சீட்டு. பழங்களோடு, முக்கியமாக ஆப்பிளோடு, வைக்காதீர்கள். பழுக்கும் பழத்தின் ஆவி பட்டால் கிழங்குக்குள் இருக்கும் பூ செத்துவிடும், வெறும் இலைதான் வரும். கராஜில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜைத் துடைத்து, கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு அதில் வைத்தாள். அதிலிருந்த பழமெல்லாம் சமையலறைக்கு வந்துவிட்டது. கதவில் வெண்பா ஒரு கிளி ட்யூலிப் வரைந்து ஒட்டினாள். துண்டுச்சீட்டைப் பற்றிக் கிட்டுசாமியிடம் சொல்ல வேண்டும் என்று கலாவதிக்குத் தோன்றவில்லை. குடிக்கிற தண்ணீரையே கேட்டு வாங்குகிறவன் கராஜ் ஃப்ரிட்ஜைத் திறக்கவா போகிறான்.

ஐம்பத்து நாலாம் நாள் மத்தியானம், கிழங்கில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள். நன்றாகத்தான் இருந்தன. பையைத் திரும்ப வைக்கும்போது கீழ்த்தட்டில் ஒரு துணிப்பை கண்ணில் பட்டது. உள்ளே ஆறு ஆப்பிள். முதலில் வந்தது கோபம்தான். அறிவு கெட்ட மனுஷன் என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு ஒன்றைக் கையில் எடுத்தாள். தோலில் செந்தூரம் இழுகியிருந்தது. பைக்குள் காய்ந்த துளசி.

அனுமார் கோயில் பிரசாதம். அவள் கோயிலுக்குள் போனால் காரிலேயே உட்கார்ந்து போன் பார்க்கிறவன், 'உங்க சாமிகிட்ட எனக்கும் ஒரு ஹாய் சொல்லிரு' என்று கேலி பண்ணுகிறவன், செவ்வாய்க்கிழமை தோறும் வாக்கிங் என்று காரை எடுத்துக்கொண்டு போனது இதற்குத்தானா. வாரத்துக்கு ஒரு அர்ச்சனை, வாரத்துக்கு ஒரு ஆப்பிள். வீட்டில் தர வெட்கம், குப்பையில் போட மனசு வரவில்லை, கொண்டுவந்து இங்கே ஒளித்திருக்கிறான். அப்படியானால் லைனில் மூன்று கம்பெனி இல்லை. ஒருவேளை எப்போதுமே இருந்ததில்லை. கலாவதி அங்கிருந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்து வெளியே வைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலை பத்து மணிக்கு அவனுக்கு ஒரு கம்பெனியில் இன்டர்வியூவின் ஃபைனல் ரவுண்ட். இத்தனை நாள் தைரியசாலியாக நடித்தவனை அந்த நேரத்தில் கையும் களவுமாகப் பிடிப்பதா? துணிப்பையை இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

சாப்பிடும்போது அவனே கேட்டான். "உன்ற வெங்காயமெல்லாம் எப்படி இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

"பூத்துருமல்ல?"

அவள் ரசத்தை ஊற்றினாள். வெண்பாவுக்கு எதிரில் அழுதுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது அவள் நினைப்பில் இருந்தது.

பிடிபடுவதைவிட இனியும் தனியாக நடிப்பதுதான் அவனுக்குக் கஷ்டம் என்று ராத்திரியில் அவளுக்குத் தோன்றியிருந்தது. காலையில் வெண்பா பஸ் ஏறின பிறகு, கலாவதி கராஜுக்குப் போய்த் துணிப்பையை எடுத்து வந்தாள். ஐந்து பழத்தைச் சமையலறை மேடையில் வரிசையாக வைத்தாள். ஆறாவதைக் கழுவாமல் நறுக்கினாள். சட்டையை மாட்டிக்கொண்டு வந்த கிட்டுசாமி தட்டைப் பார்த்தான். ஒரு துண்டின் தோலில் செந்தூரம் அப்படியே இருந்தது. மேடையையும் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"அந்த ஒரு கம்பெனிதான் கலா," என்றான் கடைசியில். "வேற ஒண்ணும் இல்ல."

"தெரியுமுங்க. சாப்பிடுங்க."

ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டான். அவளுக்கு ஒன்று நீட்டினான். அவளும் சாப்பிட்டாள். பழசாகி மாவாக இருந்தது. சட்டையில் கை துடைக்கப் போனவன், இன்டர்வியூச் சட்டை என்று நினைவு வந்து, கைத்துண்டில் துடைத்துக்கொண்டு மேலே போனான். அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கலாவதி கராஜுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தாள். ஆப்பிள் வாசனை இன்னும் உள்ளே நின்றது. காகிதப் பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தாள். நுனியில் அரிசி மணி அளவுக்கு வெளிர்பச்சையாக முளை விட்டிருந்தது. வெறும் இலையும் முதலில் அப்படித்தான் வரும், பூவும் அப்படித்தான் வரும். மேலேயிருந்து அவன் குரல், யாருக்கோ காது கேட்காத மாதிரி உரக்க, "எஸ், ஐ கேன் ஹியர் யூ" என்றது. அவள் கிழங்கை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, திறந்திருந்த ஃப்ரிட்ஜின் குளிரில் நின்றுகொண்டிருந்தாள்.