சென்சார் வயரில் சுற்றிய டேப்

அண்ணன் இறந்த பிறகு முதல் தடவையாக அண்ணி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். அவனுடைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒர்க்‌ஷாப்பை நடத்துபவள் அவனுடைய தங்கை. ஒரு வண்டியின் அடியிலிருந்து எழுந்து வந்தவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு வைத்தாள்.

“ஆச்சு. இந்த லைட்டைக் கொஞ்சம் பாரேன், அணையவே மாட்டேங்குது. வண்டிய கொடுத்துடலாம்னு இருக்கேன். இது எரிஞ்சா யார் வாங்குவாங்க?”

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. தங்கை ஸ்கேனரைச் செருகினாள். புகைக்குழாயில் இருக்கும் முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று காட்டியது.

“வீட்டுப் பக்கத்துல ஒருத்தர் சென்சாரையே மாத்தணும்னாரு,” என்றாள் அண்ணி.

“பார்க்கலாம் அண்ணி. சென்சார் சூடானாத்தான் வேலை செய்யும். அதுக்குள்ள சின்னதா ஒரு ஹீட்டர் இருக்கு. அது கெட்டிருக்கா, இல்ல அதுக்குக் கரண்டே போகலையான்னு தெரியணும்.”

வேலை என்றால் அவளுக்குப் பேச்சு வந்தது. மற்ற எதற்கும் வரவில்லை. சாவு வீட்டில் அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கண் கலங்கவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. வேறு யாரையோ சொல்வதுபோலத்தான் இருந்தது.

குழாய் ஆறியதும் சென்சாரின் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தாள். ஹீட்டர் நன்றாகவே இருந்தது. ஃபியூஸும் சரி. ஆனால் வண்டிப் பக்கத்து பிளக்கில் கரண்டே வரவில்லை. வயரை விரலால் தடவிக்கொண்டே பின்னால் போனாள். குழாயை ஒட்டிய இடத்தில் கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பு டேப் தட்டுப்பட்டது.

பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. அண்ணன் எதையும் தேவைக்கு மேல் சுற்றுகிறவன். அவன் கொடுக்கும் பரிசைப் பிரிப்பதற்குள் வாங்கியவருக்கு அடுத்த பிறந்தநாள் வந்துவிடும் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

“இத எப்ப சுத்தினான்?”

“முன்ன ஒருதடவ லைட் எரிஞ்சப்போ. உங்கிட்ட கொண்டு போகச் சொன்னேன். போறேன் போறேன்னாரு. அப்புறம் அவரே ஏதோ பண்ணிட்டு, சரியாப் போச்சுன்னாரு.”

கொண்டுவந்திருக்க மாட்டான். ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேருக்கு நடுவே, ஸ்பானர் பிடித்த கைக்கு மோதிரம் எதற்கு என்று அவளைக் கிண்டல் செய்தான். அவளும் பதிலுக்கு நறுக்கென்று ஒன்று சொல்லிவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. யாராவது ஒருவர் போன் செய்திருக்கலாம்.

டேப்பைப் பிரித்தாள். பசை உருகி விரலில் ஒட்டியது. உள்ளே, முறுக்கி விட்டிருந்த செம்புக் கம்பி பச்சை பூத்து அற்றுப்போயிருந்தது. பட்டுப்போன துண்டை வெட்டிவிட்டுப் புது வயர் வைத்துப் பற்றவைத்தாள். மேலே சூடு தாங்கும் குழலைப் போட்டு, குழாயில் படாதபடி தள்ளிக் கட்டினாள். ஸ்கேனரில் கோளாறுப் பதிவை அழித்துவிட்டு எஞ்சினைப் போட்டாள். விளக்கு எரியவில்லை.

“கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கணும் அண்ணி. நீங்களே ஓட்டுங்க.”

பெரிய சாலைக்கு வந்ததும் அண்ணி கேட்டாள். “நீ அழவே இல்லையாமே?”

“வரல அண்ணி.”

“எனக்கும் வரல. எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க. அதுக்காக அழுதேன்.” கியரை மாற்றினாள். “யார்கிட்டயும் சொல்லாத.”

“சொல்ல மாட்டேன்.”

திரும்பி வரும்வரை விளக்கு எரியவில்லை. அண்ணி கிளம்பும்போது தங்கை வாசல்வரை கூடவே போய், வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

அந்தக் காரை ஒரு டீச்சர் வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணி ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, பழைய சீட் ஒன்றில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள்.

தங்கைக்கு அழுகை வந்தது வெகுநாள் கழித்து, பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்தபோது. காரணம் ஒன்றும் இல்லை. டாக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

“வலிக்குதாம்மா? நான் இன்னும் ஊசியே போடலையே.”

“ஒரு நிமிஷம் இருங்க டாக்டர்,” என்றாள் அவள்.