ஈரமுயல் பார்த்துக்கொண்டிருக்கிறது

இணையத்தில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடும்போது வேடிக்கை பார்ப்பவருக்கு நான்கு பேர் சீட்டும் தெரியும். ஆடுகிறவனுக்குத் தன் சீட்டும், சீட்டை மேசைமேல் விரித்துவைத்துவிட்டு ஒதுங்கும் டம்மியின் சீட்டும் மட்டும்தான். அதனால் வேடிக்கை பார்ப்பவர் வாய் திறக்கக்கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த மரியாதை.

என் மனைவி மாரென் வேடிக்கை பார்ப்பவள். அவளுக்கு ஆடப் பிடிக்காது. "நான் தப்பா போட்டு எதிர்ல இருக்கறவங்க பெருமூச்சு விடறத என்னால தாங்க முடியாது" என்பாள். நான் சாப்பாட்டு மேசையில் கணினியோடு உட்கார்ந்தால், அவள் சோபாவில் டேப்லெட்டோடு சாய்ந்து என் ஆட்டத்துக்கு வருவாள். திரையின் ஓரத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் தெரியும்: ஈரமுயல். கடைசியில் சிக்கலான கட்டம் வந்தால் சோபாத் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொள்வாள். எல்லாம் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயம். "எதையும் பாக்காத, ஆடு" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வரும்.

பிப்ரவரியில் இறந்தாள். வேலை செய்த பல் மருத்துவமனையில், ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்தொரு வயது. எங்கள் ஊரான தண்டர் பே நகரில் அந்த மாதத்தில் மண் குளிரில் உறைந்து இரும்பாக இருக்கும். புதைக்க மே வரை காத்திருந்தோம்.

அதன்பிறகு நான் தினமும் ஆடினேன். யார் எதிரே கூட்டாளியாக உட்கார்ந்தாலும் சரி. முன்பின் தெரியாதவர்கள் வருவார்கள், இரண்டு ஆட்டம் ஆடுவார்கள், பாதியில் எழுந்து போவார்கள். போனவரின் இடத்தில் உடனே கணினியே ஆடும் ரோபோ உட்காரும். ரோபோ திட்டாது. நன்றாக ஆடினாய் என்றும் சொல்லாது. எப்படி இருக்கிறாய் என்று கேட்காது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஜூனில் ஒரு மாலை அவளுடைய டேப்லெட்டைத் திறந்து அவள் கணக்கை என் ஆட்டத்துக்குக் கூட்டி வந்தேன். ஓரத்தில் ஈரமுயல் என்று வந்தது. டேப்லெட்டை சோபாவில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெயர் அங்கே இருந்தால் போதும். வேறு எந்த எண்ணமும் அப்போது இல்லை.

அன்றுதான் எதிரே ஒரு புதிய ஆள் வந்து உட்கார்ந்தார். பெயர் டீசல்.

முதல் ஆட்டத்திலேயே எத்தனை சுற்று ஜெயிப்போம் என்று சொல்லும் ஏலத்தில் நான் அளவுக்கு மீறிப் போய் எங்கள் இருவரையும் கவிழ்த்தேன். அரட்டைப் பெட்டியில் எழுத்து வந்தது.

"பார்ட்னர், அவ்வளவு மேல போனியே, கைல சீட்டு இருந்துச்சா, இல்ல நம்பிக்கை மட்டும்தானா?"

"நம்பிக்கைதான்."

"நான் சர்ச்சுக்குப் போறத விட்டு வருஷமாச்சு. அடுத்த தடவை சீட்டோட வா." கொஞ்சம் கழித்து: "ஓரத்துல முயல் ஒண்ணு உக்காந்திருக்கே, அது யாரு?"

"என் மனைவி" என்று எழுதினேன்.

"வணக்கம் முயலம்மா. உன் வீட்டுக்காரன் கண்ண மூடிட்டு ஓடறான், பாத்தியா?"

பதில் வரவில்லை என்றால் டீசல் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். எழுந்து போய் டேப்லெட்டை நிமிர்த்தி, ஈரமுயலாக எழுதினேன்: "வீட்டுலயும் அப்படித்தான்."

டீசல் விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதினார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

டீசலின் உண்மைப் பெயர் வெல்மா ஷார்ட்ரான். டிரைடன் என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி. அறுபதை நெருங்கும் வயது. அந்தப் பக்கத்துச் சிறிய ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பிரிட்ஜ் கிளப். வாடகை இடம் போனபிறகு அவர்கள் செவ்வாய் மாலைகளில் இணையத்தில் போட்டி வைத்தார்கள். வெல்மாவோடு ஆட அங்கே யாரும் முன்வருவதில்லை. ஆள் நல்ல உயரம். மேசையில் ஆடிய காலத்தில் பக்கத்தில் இருப்பவர் கையிலுள்ள சீட்டை எட்டிப் பார்க்கிறார் என்று ஒருவர் கிளப்பிவிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது.

"பாக்கணும்னு இல்லடா தம்பி, குனிஞ்சாதான் பாக்காம இருக்க முடியும். அவ்வளவு உயரம்" என்றார். "நீ வெளியாள். உனக்கு இந்தக் கதையெல்லாம் கிடையாது. வர்றியா?"

போனேன். பிரிட்ஜ் சங்கத்தில் 'வாழ்நாள் மாஸ்டர்' என்று ஒரு பட்டம் உண்டு. போட்டிப் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து அடைய வேண்டியது. வெல்மா முப்பது வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம்தான் பாக்கி. வேறு எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர் என்னைவிட முயலோடுதான் அதிகம் பேசினார். ஆட்டங்களுக்கு நடுவில் தனியாக முயலுக்கு எழுதுவார். மகள் ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்டாள், பேசுவதில்லை, கல்யாணம் ஆனதே அடுத்தவர் சொல்லித் தெரிந்தது. 'நானா கூப்பிடலாமா, நீ என்ன சொல்ற?' நான் மாரென் என்ன சொல்வாள் என்று யோசித்து எழுதினேன்: 'கூப்பிடுங்க. எடுக்கலன்னா மறுபடியும் கூப்பிடுங்க.' அவளுக்கு அந்தப் பிடிவாதம் உண்டு.

இப்படிப் பதில் எழுத வேண்டியிருந்ததால் டேப்லெட் சோபாவிலிருந்து மேசைக்கு வந்தது. என் கணினிக்குப் பக்கத்தில், நிமிர்ந்தபடி. அதில் நான்கு பேர் சீட்டும் திறந்து கிடந்தன.

முதலில் பார்த்தது ரோபோக்களோடு ஆடியபோது. ரோபோவுக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. பிறகு ஒரு செவ்வாய். எதிரணியில் அட்டிகோக்கன் ஊரிலிருந்து கோவல்சக் தம்பதி. வெல்மா டம்மி. அவர் சீட்டை விரித்துவைத்துவிட்டார், இனி செய்ய ஒன்றுமில்லை. "டீ போடப் போறேன். வரும்போது நல்ல சேதி சொல்லு" என்று எழுதிவிட்டுப் போனார். இஸ்பேட் ராணி எனக்கு வேண்டும். கணவனிடம் இருக்கிறதா மனைவியிடமா என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். ஊகிக்கத்தான் வேண்டும். பாதிக்குப் பாதி.

நான் தலையைத் திருப்பினேன்.

"எப்படிடா புடிச்ச?" என்றார் வெல்மா, திரும்பி வந்து.

"தோணுச்சு."

"தோணுச்சாம். முயலம்மா, அவன் நெத்தில ஒரு முத்தம் குடு, என் சார்பா."

"ஆகட்டும்" என்று ஈரமுயலாக எழுதினேன்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும். வெல்மாவின் பட்டத்துக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அந்தத் திரையைப் பார்க்கும்போது மாரென் பார்த்ததைப் பார்த்தேன். அவள் எதற்காக முகத்தை மூடிக்கொண்டாளோ, அதை.

அக்டோபரில், ஒரு சனிக்கிழமை மதியம், வெல்மா போன் செய்தார். அதுவரை நாங்கள் குரலில் பேசியதில்லை. எழுத்தில் இருந்ததைவிட மெல்லிய குரல்.

"லார்ன் என்ன ஆட்டத்துலேருந்து நிறுத்தி வச்சுட்டான்" என்றார். லார்ன் பீட்ரி கிளப் போட்டிகளை நடத்துபவர்.

"எதுக்கு?"

"நாம ஆடினப்பெல்லாம் ஒரே முயல் ஓரத்துல உக்காந்திருக்காம். ராணி எங்க இருக்குன்னு நமக்கு மட்டும் தெரியுதாம். கோவல்சக் கெழவி எல்லா ஆட்டத்தையும் எடுத்து அனுப்பியிருக்கா. நீ வெளியாள், உன்ன வெளிய அனுப்பினா முடிஞ்சுது. நான்தானே உன்னக் கூட்டிட்டு வந்தேன். என்னத்தான் விசாரிக்கப் போறாங்க. கிளப்ல எல்லார் வாய்லயும் நான்தான். எட்டிப் பாக்கறவ புத்தி எங்க போகும்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? அந்தப் பொண்ண எனக்குத் தெரியும்டா, வாராவாரம் என்கூட பேசுது, அது அந்த மாதிரி பொண்ணு கெடையாதுன்னு சொன்னேன். உன்னப் பத்தி சொல்லல. ஆம்பளப் பசங்க விஷயத்துல நான் சத்தியம் பண்றதில்ல." லேசாகச் சிரித்தார். "அவகிட்ட போனக் குடு. லார்ன்கிட்ட அவ வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுரும்."

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"அவ இப்ப இல்ல" என்றேன்.

"எப்ப வருவா?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. கடைக்குப் போயிருக்கிறாள், அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒன்றைச் சொன்னால் நாளை அடுத்ததைச் சொல்ல வேண்டும், அவர் நாளையும் கூப்பிடுவார்.

"வெல்மா, அவ செத்துட்டா."

"என்ன சொல்ற? எப்போ?"

"பிப்ரவரில."

அவர் வீட்டில் நாய் ஒன்று குரைத்தது. அவர் அதை அதட்டவில்லை.

"நாம ஆட ஆரம்பிச்சதே ஜூன்லதான்" என்றார்.

"ஆமா."

"அப்ப நான் யார்கூட பேசினேன்?"

"என்கூட."

"என் மக விஷயத்த நான் அவகிட்டதான் சொன்னேன். உன்கிட்ட சொல்லல."

"தெரியும்."

"அவ சொன்னான்னு நம்பி நான் கூப்பிட்டேன். மூணு தடவை." நிறுத்தினார். மகள் எடுத்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "சீட்டையும் பாத்தியா?"

"பாத்தேன்."

"எதுக்கு கோவப்படறதுன்னே தெரியல எனக்கு" என்றார். கத்தியிருந்தால் தேவலை. "கேளு. லார்ன் காதுல மட்டும் போய் சொல்லிடாத. என்னப் பத்தி இத்தனை வருஷமா காதுலதான் பேசிட்டிருக்காங்க. செவ்வாக்கிழமை ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி, எல்லாரும் இருக்கறப்ப, நீயே எழுது."

"எழுதினா ரெண்டு கணக்கையும் மூடிடுவாங்க, வெல்மா. அவ பேரு போயிடும்."

"போயிடும்" என்றார். "என் பேரும் ஒண்ணு இருக்கு."

வைத்துவிட்டார்.

மூன்று நாட்களில் அவரை இரண்டு தடவை கைவிட்டேன், மனதுக்குள். விசாரணையில் ஒன்றும் நிரூபிக்க முடியாது, அவர்களே விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கைத் திறந்து ஈரமுயல் என்ற எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மாரென் எதுவும் எழுதியதில்லை. அவள் பேசாமல் பார்த்தவள். எழுதியிருந்ததெல்லாம் நான்.

செவ்வாய் மாலை எல்லோரும் கூடும் பொது அரட்டையில் வானிலை பற்றிப் பேச்சு ஓடியது. சியூ லுக்கவுட் ஊரில் முதல் பனி விழுந்துவிட்டதாம். லார்னிடம் கேட்டு வெல்மாவையும் உள்ளே விடச் சொல்லியிருந்தேன். நான் எழுதியது: 'ஈரமுயல் என் மனைவியின் கணக்கு. அதன் மூலம் உங்கள் சீட்டுகளைப் பார்த்து ஆடினேன். வெல்மாவுக்கு எதுவும் தெரியாது.' அனுப்பும்முன் படித்துப் பார்த்தேன். மாரென் இறந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் இரக்கம் கேட்பதுபோல் இருக்கும். சொல்லாவிட்டால் இந்த ஊர்களில் அவள் திருடியாகிவிடுவாள். 'அவள் பிப்ரவரியில் இறந்துவிட்டாள். அவள் இருந்தவரை ஒரு சீட்டைக்கூட எனக்குக் காட்டியதில்லை' என்று சேர்த்து அனுப்பினேன்.

 முதலில் கோவல்சக் பாட்டி எழுதினார்: "அந்த ராணியும் அப்படித்தான் போச்சா? நான் என் புருஷன மூணு நாளா திட்டிட்டிருந்தேன்." அவருடைய கணவர்: "நாலு நாள்." யாரோ ஒருவர், உங்கள் மனைவிக்காக வருந்துகிறோம் என்று எழுதினார். அதைத்தான் படிக்க முடியவில்லை.

லார்ன் சுருக்கமாக எழுதினார். ஷார்ட்ரான் மீது எந்தப் புகாரும் இல்லை. என்னோடு ஆடிய எல்லா ஆட்டங்களின் புள்ளிகளும் இருவருக்கும் ரத்து. இரண்டு கணக்குகளும் இப்போதே மூடப்படுகின்றன.

டேப்லெட்டைப் பார்த்தேன். நான் பார்க்கும்போதே பெயர் போனது. பின்பு என்னுடையதும்.

சற்று நேரத்தில் போனில் வெல்மாவின் செய்தி வந்தது. "உன் எடத்துல ரோபோ வந்து உக்காந்துடுச்சு. அது கைல சீட்டு இருந்தாதான் மேல போகுது."

பட்டத்துக்கு இனி எவ்வளவு பாக்கி என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஜூனில் இருந்ததைவிடக் குறையவில்லை, அது எனக்கே தெரியும். மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன்.

பதில் ஆட்டம் முடிந்தபிறகுதான் வந்தது.

"மாரென் எப்படிப்பட்டவன்னு ஒரு நாள் சொல்லு. நிஜமா இருந்தவளப் பத்தி. இன்னைக்கு வேணாம். இன்னைக்கு எனக்கு உன்மேல கோவம். நாளைக்கும் இருக்கும்."

சரி என்று மட்டும் எழுதினேன். அதற்குமேல் எதையும் கேட்க எனக்கு உரிமையில்லை.