ஒன்பதாவது டக்

தை மாதத்து முதல் புதன்கிழமை, கூட்ரோட்டில் உள்ள மணிவண்ணன் பட்டறையில் ஒரு வெள்ளைக் காரின் சாவியைத் திருப்பியதும் அது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பாமல் நின்றது. அதே நொடியில் ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீ ஆற்றிக்கொண்டிருந்த செல்வம்மாளின் இடது முன்கையில் நான்கு அங்குல நீளத்துக்கு வெட்டு விழுந்தது. அரிவாளும் இல்லை, வெட்டிய ஆளும் இல்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு தையல் போட்டார்கள். ரத்தம் சொட்டிய பாலைச் சாக்கடையில் ஊற்றினார்கள்.

அந்தக் கார் கூட்ரோட்டுக்குப் புதிதல்ல. அதற்கு முந்தைய ஆடியில், ஏரி மண் அள்ளுவதை எதிர்த்து மனுக் கொடுத்த தமிழழகன், அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் போகும் வழியில் அதில்தான் வந்து டீக்கு நிறுத்தினான். பட்டப்பகல், புதன்கிழமை. ஐந்து பேர் பைக்கில் வருவதைக் கண்டு காருக்குள் பாய்ந்து சாவியைத் திருப்பினான். டக். மறுபடி திருப்பினான். டக். கண்ணாடியை உடைத்து உள்ளே வெட்டினார்கள். முதல் வெட்டு இடது முன்கையில், கடைசி வெட்டு கழுத்தில். மொத்தம் ஒன்பது என்று போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் சொன்னது. நின்று பார்த்தவர்களும் ஒன்பது பேர். ஒருவன் போனில் படம் எடுத்தான். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. வெட்டிய ஐந்து பேரும் ஜெயிலில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் இதுவரை ஒரு கீறலும் விழவில்லை. அது கோர்ட்டு வேலை என்று கார் விட்டுவிட்டது போலிருக்கிறது.

தமிழழகனின் மனைவி ஜெயசித்ரா கோர்ட்டில் எழுதிக் கொடுத்து ஸ்டேஷனிலிருந்து காரை மீட்டு, டிராக்டரில் கட்டி இழுத்து வந்து மணிவண்ணன் பட்டறையில் நிறுத்தினாள்.

"வெட்டுனவனுங்கள எனக்குத் தெரியும்ண்ணே. வண்டி ஏன் கெளம்பல? அத மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே மணிவண்ணனுக்கு விடை தெரியும். கொலைக்குப் பத்து நாள் முன்னால் பேட்டரி முனையைப் பிடிக்கும் கிளாம்ப் லூசாக இருக்கிறதென்று தமிழழகன் வந்திருந்தான். கையில் புதுக் கிளாம்ப் இல்லை. மணிவண்ணன் தன் பச்சை நிற கிரீஸ் டப்பாவில் ஒரு தகரத் துண்டு வெட்டி, முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே செருகித் தட்டி இறுக்கி, அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டான். ரெண்டு மாவட்டத்து மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். பெரும்பாலும் நிற்கும். அது நிற்கவில்லை. இதுகூடப் பரவாயில்லை. நின்று பார்த்த ஒன்பது பேரில் அவனும் ஒருவன். கையில் ஸ்பேனரோடு இருபதடி தூரத்தில் நின்றான். முதல் 'டக்'கிலேயே கோளாறு புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கிளாம்பில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் வண்டி பறந்திருக்கும். கால் நகரவில்லை.

ஆகவே எதைத் தொட வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மணிவண்ணன் மற்ற எல்லாவற்றையும் பார்த்தான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினான், ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினான், எர்த் வயரை மாற்றினான். ஜெயசித்ரா ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பானெட் இடுக்கு வழியாக அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். தகரத்தை உருவினால் இது என்ன என்று கேட்பாள். துண்டு வெட்டிய அந்தப் பச்சை டப்பா இன்னும் அலமாரியிலேயே இருந்தது. வேலை முடிந்ததும் அவள் சாவியைத் திருப்புவாள். டக். நின்று பார்த்தவர்களில் ஒருவருக்கு எங்கோ வெட்டு விழும்.

மூன்றாவது வாரத்தில் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. உரக்கடை குருநாதன் பெரம்பலூரில் மகள் வீட்டுக்கு ஓடினார். அங்கே இலையில் சோறு விழுந்த நேரத்தில் வலது தோள் பிளந்தது. இன்னொருவன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். கரூர் தாண்டும்போது மண்டையில் விழுந்தது. படம் எடுத்தவனுக்குப் போன் பிடித்த கையில் ரெண்டு விரல் போயிற்று. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் வெட்டுகள் இருந்த வரிசை அப்படியே. யாரும் சாகவில்லை. வெட்டுப்பட்டவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு எல்லோருமாக ஜெயசித்ராவிடம் போனார்கள்.

"நிறுத்திக்கம்மா, புண்ணியமாப் போவும்" என்றார் குருநாதன்.

"அவுரு கத்துனப்ப நீங்க யாராச்சும் நிறுத்தச் சொன்னீங்களாய்யா?"

வந்தவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

எட்டு வாரத்தில் எட்டு முடிந்தது. பாக்கி இருந்தது கழுத்து. பாக்கி இருந்த ஆளும் ஒருவன்தான். பங்குனி பிறந்து வந்த புதன்கிழமை மணிவண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பட்டறையைத் திறந்தான். துண்டை நம்பினான், பாவம். எதிர்ப்புறம் எட்டுப் பேரும் அன்று போலவே நின்று பார்த்தார்கள். ஜெயசித்ரா சாவியில் கை வைத்தாள்.

"திருப்பாத தங்கச்சி! தகரந்தான். நான் வச்ச தகரம். கிளாம்பு மாத்தாம ஒப்பேத்தி விட்டுட்டேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அன்னிக்கு எங்க நின்னீங்க?"

"அந்தா, அந்த டயருகிட்ட. கையில ஸ்பேனர் இருந்துச்சு. என்ன கோளாறுன்னும் தெரிஞ்சுச்சு. பயந்துட்டேம்மா."

ஒரு பஸ் வந்து ஆள் இறக்கிப் போனது. ஜெயசித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப சரி பண்ணுங்க. நான் திருப்பத்தான் போறேன்."

மணிவண்ணன் தகரத்தை உருவி அவள் கண்ணில் படும்படி வைத்தான். முனையை உப்புத்தாளால் தேய்த்தான். புதுக் கிளாம்பை மாட்டினான். ஸ்பேனர் ரெண்டு தடவை கீழே விழுந்தது. இருபது வருடத் தொழிலில் ஒரு நட்டை அவன் இப்படி இறுக்கியதில்லை. அப்போது செல்வம்மாள் ரோட்டைக் கடந்து வந்து, தையல் போட்ட கையைக் காரின் பின்பக்கம் வைத்தாள். கிளம்பாவிட்டால் தள்ளுவதற்கு. பின்னாலேயே குருநாதன் வந்தார். பிறகு எல்லோரும் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

ஜெயசித்ரா சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது.

புகை குருநாதன் வேட்டியில் கரியாக அப்பியது. மணிவண்ணன் கழுத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. ரத்தம் இல்லை, அழியவும் இல்லை. ஜெயசித்ரா, தமிழழகன் போய்ச் சேராத பெரம்பலூரைப் பார்த்து ஓட்டிப் போனாள். அதற்குப் பின் அவள் அந்தப் பட்டறைக்கு வரவில்லை.

இப்போதும் கூட்ரோட்டில் எந்த வண்டியாவது 'டக்' என்று நின்றால், டிரைவர் கதவைத் திறப்பதற்குள் தழும்பு தழும்பாக ஒன்பது பேர் ஓடி வருகிறார்கள். வெளியூர்க்காரர்கள் பயந்து கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். இவர்கள் பாட்டுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அதற்குள் செல்வம்மாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். டீக்காக நிற்பவர்கள் அடுத்த பாலுக்குக் காத்திருப்பார்கள்.