கிணற்றுக்கு வந்த அழைப்பு

யாரும் போன் செய்யாமலே மோட்டார் ஓடியிருந்தது. அதுதான் தங்கலட்சுமி அக்காவின் புகார். என் குழப்பமும் அதுவே.

திருச்சுழியில் நான் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன் மூலம் பம்புசெட்டை இயக்கும் ஸ்டார்ட்டரும் மாட்டிக் கொடுப்பேன். பன்னிரண்டு நாளுக்கு முன் தங்கலட்சுமி அக்காவின் கிணற்றில் ஒன்றை மாட்டினேன். அது பங்குக் கிணறு. ஒரு நாள் அக்காவின் மிளகாய்க்கு, மறுநாள் அவர் கொழுந்தன் நாகராஜின் கத்தரிக்கு. மோட்டார் ஒன்றுதான். கிணற்று மேட்டில் குழாய் இரண்டாகப் பிரியும். அன்றைக்கு முறை யாருக்கோ அவர் காலையில் வந்து வால்வைத் தன் பக்கம் திருப்பிவிட்டு மோட்டாரைப் போட வேண்டும்.

நாகராஜ் அருப்புக்கோட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியில் இருந்தபடியே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் வேண்டும் என்று அவர்தான் ஸ்டார்ட்டரைக் கேட்டு வாங்கினார். அதனால் சந்தேகமும் அவர் மேலேயே விழுந்தது.

"ஏத்தா சுகந்தி, இதுவரைக்கும் மூணு தடவை ஆகிப்போச்சு" என்றார் அக்கா. என் கடை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி பேசினார். "என் முறையன்னைக்கு ஏழு மணிக்குப் போறேன், கிணத்துல முழங்கால் தண்ணி. தண்ணி பூராவும் அவரு கத்தரிப் பாத்தியில நிக்கிது. முந்தின நாள் அவரு முறை, வால்வு அவரு பக்கம் கெடக்கு. விடியுமுன்ன போனைப் போட்டு எறைச்சிக்கிட்டா எனக்குத் தெரியாதா? மிளகா பூவும் பிஞ்சுமா நிக்கிது. இன்னும் ரெண்டு தண்ணி காட்டலேன்னா அம்புட்டும் உதிர்ந்துரும்."

"நாகராஜண்ணன்கிட்டக் கேட்டீங்களாக்கா?"

"அவருகிட்ட என்னத்தக் கேக்க? வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்துல வச்சுப் பேசிக்கிறேன். வயரை அத்துப்போட்டு ஆளுக்கொரு மோட்டாரு, ஆளுக்கொரு கிணறுன்னு பிரிச்சிரட்டும்."

அவர்களிடம் இருப்பது ஒரே கிணறு. ஊற்று ஊறி நிறைய ஒரு நாள் ஆகும். அதைப் பிரித்தால் இரண்டு பேருக்கும் தண்ணீர் இருக்காது. அன்று செவ்வாய்க்கிழமை.

மறுநாள் காலை அக்காவோடு கிணற்று மேட்டுக்குப் போனேன். நாகராஜ் ஆட்டோவை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். கரண்டு வந்தால் மோட்டாரைத் தானாக ஓட்டும் சுவிட்சை மாட்டிய அன்றே அணைத்திருந்தேன். அது அணைந்தேதான் இருந்தது. மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலே ஒட்டிக்கொள்ளவில்லை. வயர் எங்கும் உரசவில்லை. அக்கா போனில் இருந்து அழைத்துப் பார்த்தேன்: இரண்டு முறை மணி அடித்தது, ஸ்டார்ட்டர் அழைப்பைத் துண்டித்தது, மோட்டார் ஓடியது. மறுபடி அழைத்ததும் நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதைப் போலத் தொல்லை எங்கள் தொழிலில் வேறு இல்லை.

"டவருதான் கொழப்புது" என்றார் நாகராஜ். "பக்கத்துத் தோட்டத்துக்காரன் அவன் மோட்டாருக்குப் போன் போட்டா, இங்க வந்து அடிக்கிது."

"அப்படி நடக்காதுண்ணே" என்றேன். ஏன் நடக்காது என்று சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. "இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதும் ஒரு போன்தான். காது, வாய் கிடையாது, அவ்வளவுதான். உள்ள சிம் இருக்கு. அந்த சிம்மு 'நான் இங்க இருக்கேன்'னு டவருக்கு அப்பப்பச் சொல்லிக்கிட்டே இருக்கும். கம்பெனி அதைக் குறிச்சு வச்சுக்கும். யாராவது போன் போட்டா, இந்தப் பக்கத்து டவர் எல்லாம் அந்த சிம்மை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடும். சந்தையில மைக்குல ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி. நூறு பேருக்குக் கேக்கும். பேருக்கு உரியவர் மட்டும் திரும்புவாரு. அடுத்த சிம்முக்குப் போற அழைப்புக்கு இது திரும்பாது."

"அப்ப திரும்பினது எப்படி?" என்று அக்கா கேட்டார். அவர் பார்வை நாகராஜ் மேல்.

"மதினி, எங்க அம்மா மேல சத்தியம். நான் போடல."

"சத்தியத்தை வச்சு மிளகாயை நனைக்க முடியாது கொழுந்தனாரே."

"பேசுறதுன்னா நானும் பேசுவேன்" என்று நாகராஜ் வெடித்தார். "என் முறையில ரெண்டு நாளு கிணறு காலி. உங்க மிளகா ஈரமாக் கெடந்துச்சு. நான் ஊரைக் கூட்டினேனா? அண்ணன் வெளியூர்ல இருக்காரு, மதினி தனியாக் கெடந்து பாடுபடுறாகன்னு வாயை மூடிக்கிட்டுப் போனேன்."

"ஆமா, ஈரமாத்தான் கெடந்துச்சு. வால்வு கசியுதுன்னு நெனச்சேன்" என்றார் அக்கா. அவர் குரல் இறங்கியிருந்தது.

அவர்களுக்குக் கோபம் தணிந்தது. எனக்குக் குழப்பம் ஏறியது. அதுவரை ஒரு திருடனாவது இருந்தான். இப்போது இரண்டு பேர் தண்ணீரையும் இழுக்கிற யாரோ ஒருவர், அதைத் தன் வயலுக்குக் கொண்டுபோகாமல் இவர்கள் இருவருக்கே மாற்றி மாற்றி விட்டிருக்கிறார். அப்படி எந்தத் திருடன் செய்வான்?

"எம்புட்டு நேரம் ஓடும்?" என்று கேட்டேன்.

"அதுதான் வெளங்கல" என்றார் அக்கா. "வீட்டுல இருந்தா சத்தம் கேக்கும். ஒரு நாள் கிணறு வத்தி அதுவா நிக்கிற வரைக்கும் ஓடுச்சு. ஒரு நாள் பொசுக்குன்னு ரெண்டு நிமிசத்துல நின்னுருச்சு. எப்பவும் கெழக்கு வெளுக்கிற நேரந்தான்."

இரண்டு நிமிடம். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் அழைப்பில் ஓடும், அடுத்த அழைப்பில் நிற்கும். அப்படியானால் இது பழுதில்லை. யாரோ அழைக்கிறார்கள். பொறுமையில்லாத நாளில் இரண்டு முறை அழைக்கிறார்கள்.

ஆனால் யார்? அந்த எண் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நாகராஜ் அருப்புக்கோட்டையில் தெருவோரம் குடை போட்டு விற்றவரிடம் புதிதாக வாங்கிய சிம் அது. ஸ்டார்ட்டருக்குத் திரை இல்லை, அதனால் வந்த எண்களைப் பார்க்கவும் வழியில்லை.

"திரை இருக்கிற போன்ல போட்டுப் பாப்போம்" என்றேன். சிம்மைக் கழற்றி, என்னிடம் இருந்த பட்டன் போனில் போட்டேன். மோட்டாரை அன்று கையால் போட்டு நாகராஜ் முறையை முடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கெல்லாம் மூவரும் கிணற்று மேட்டில் இருந்தோம். அக்கா தூக்குவாளியில் டீ கொண்டுவந்திருந்தார். நாகராஜுக்குக் கொடுக்காமல் எனக்கு மட்டும் ஊற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, அவருக்கும் ஊற்றினார். போன் பம்புசெட் அறையின் சிமெண்ட் படியில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தே முக்காலுக்கு அது அடித்தது.

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். யார் கையிலும் போன் இல்லை. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"யப்பா! இன்னைக்காவது எடுத்தீகளே!" என்றது ஒரு பெண் குரல். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். "பத்து நாளா ரெண்டு ரிங்குல கட் பண்ணிவிடுறீகளே, உங்க லாரி இல்லாட்டி அருப்புக்கோட்டையில வேற தண்ணி லாரியே இல்லியா? ஒரு லோடு அனுப்பிவிடுங்கண்ணே. டிபன் கடைய வச்சுக்கிட்டு இட்லிச் சட்டியில ஊத்தத் தண்ணி இல்ல."

"அக்கா, இது தண்ணி லாரி இல்ல. இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சது?"

"எப்படிக் கெடச்சதா? எங்க தெருச் சுவத்துல ஒரு முழ எழுத்துல எழுதியிருக்கே! நீ யாரும்மா?"

விவரத்தைச் சொன்னேன். "அப்ப நான் தண்ணி கேட்டப்பெல்லாம் தண்ணி வந்துருக்கு. எனக்குத்தான் வரல" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தார். இனி இந்த எண்ணுக்கு அழைக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

"புது சிம்முதானே வாங்கினேன்?" நாகராஜுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"சிம்மு புதுசு, நம்பர் பழசுண்ணே. நம்பர் நமக்குச் சொந்தமில்ல, கம்பெனி குடுத்து வைக்கிறது. ஒருத்தர் பல மாசம் அதைப் பயன்படுத்தலேன்னா திரும்ப எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துரும். பஸ்ஸுல மாட்டுற பலகை மாதிரி. பலகையை வேற வண்டியில மாட்டுனாலும், ஸ்டாப்புல நிக்கிறவுக பலகையைப் பாத்துத்தானே கை காட்டுவாக? லாரிக்காரர் நம்பரை விட்டுட்டாரு. சுவத்துல இருக்கிற எழுத்து விடல."

"இந்தம்மா நிறுத்தினாலும் சுவரு நிக்கிதே" என்றார் அக்கா. "நாளைக்கு இன்னொருத்தி தண்ணி கேப்பா. என் மிளகாய் என்ன ஆகும்?"

சரியான கேள்வி. அதற்கான பதிலில் என் தவறும் இருந்தது. ஒரு போன் அடிக்கும்போது, பேச்சு தொடங்கும் முன்பே, அழைப்பவரின் எண் வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் எடுக்கும் முன்பே யார் என்று திரையில் தெரிகிறது. ஸ்டார்ட்டருக்கும் அந்த எண் வருகிறது. எந்த எண் வந்தால் ஓட வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். நான் சொல்லவில்லை. நாகராஜ் இரண்டு மூன்று எண்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர், எதில் இருந்து அழைத்தாலும் ஓடட்டும், எண் தெரிந்தவர்தானே அழைக்கப்போகிறார் என்று திறந்து விட்டிருந்தேன். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

"தப்பு எம்மேலதான்க்கா" என்றேன்.

"ஏத்தா, அப்ப எங்க ரெண்டு பேரையும் சண்டைக்கு விட்டது நீதானா?" என்று அக்கா என் தலையில் தட்டினார். வலிக்கவில்லை.

சிம்மைத் திரும்ப ஸ்டார்ட்டரில் போட்டேன். என் போனில் இருந்து அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அக்காவின் எண்ணையும் நாகராஜின் ஓர் எண்ணையும் பதிந்தேன். மற்ற எண்களை மறுக்கச் சொல்லி இன்னொரு செய்தி அனுப்பினேன். பிறகு என் போனில் இருந்து அழைத்தேன். அழைப்பு துண்டானது, மோட்டார் அசையவில்லை. நாகராஜ் தன் இன்னொரு சிம்மில் இருந்து அழைத்தார். அசையவில்லை.

வியாழன் அக்காவின் முறை. நாகராஜே இறங்கிப் போய் வால்வை மிளகாய்ப் பக்கம் திருப்பினார்.

"போடுங்க மதினி. வெள்ளிக்கிழமைக் கூட்டம் உண்டா?"

"ரொம்பப் பேசாதீரு" என்றபடி அக்கா போனைக் காதில் வைத்தார். இரண்டு முறை மணி அடித்துத் துண்டானது. மோட்டார் ஓடியது.

இப்போது அந்த ஸ்டார்ட்டர் இரண்டு எண்களுக்கு மட்டுமே மோட்டாரை இயக்கும்: தங்கலட்சுமியுடையது, நாகராஜுடையது. வேறு யார் அழைத்தாலும் துண்டித்துவிட்டுச் சும்மா இருக்கும்.