கியர் விழாத படகு

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகும் சித்தீக்கின் பழைய மோட்டார் படகில் நாலு நாளாகக் கியர் விழவில்லை. கியர் பெட்டியே போய்விட்டது, படகை விற்றுவிட வேண்டியதுதான் என்று மனைவி ஹஃப்ஸாவிடம் சொல்லியிருந்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை. படகு இல்லையென்றானால், மறுபடி துபாய்க்குப் போங்கள் என்று அவளே சொல்லிவிடுவாள் என்பது அவன் எண்ணம். அங்கே ஒரு வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டிருந்ததை அவளிடம் மறைத்திருந்தான்.

ஆனால் ஹஃப்ஸா மெக்கானிக் வைரக்கண்ணுவை வரவழைத்துவிட்டாள். அவர் எஞ்சினை நிறுத்தி, ஓட்டுகிறவர் பிடிக்கும் லிவரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, கியர் பெட்டியின் கம்பியைக் கையாலேயே தள்ளினார். முன்னும் பின்னும் டக்கென்று விழுந்தது. பிறகு லிவரை ஆட்டினார். கேபிளின் மறுமுனை அசையவே இல்லை.

"பொட்டி கல்லாட்டம் இருக்கு பாய். கேபிள்தான் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு அறுந்திருக்கு. இதுக்கா போட்டையே விக்கப் போறேன்னீங்க?"

"அப்ப வெள்ளிக்கிழம சவாரிக்குப் போவலாமாண்ணே?" என்றாள் ஹஃப்ஸா.

"நாளைக்கே போவலாம் தங்கச்சி."

அவள் சிரித்தபடி கணவன் பக்கம் திரும்பினாள். "என்ன மச்சான், உங்க மூஞ்சி ஏன் இப்புடிக் கெடக்கு?"

"டிக்கெட் போட்டுட்டேன் ஹஃப்ஸா," என்றான் சித்தீக், தண்ணீரைப் பார்த்தபடி. "வர்ற புதன்கிழமைக்கு."